சிக்னலில் நின்ற கார் எப்படிக் குற்றவாளியாகிறது?

தமிழ்நாட்டுச் சாலைகளில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால், தப்பு யாருடையது என்பது பெரும்பாலும் வண்டியின் அளவை வைத்தே முடிவாகிவிடுகிறது. லாரியும் காரும் என்றால் லாரி. காரும் பைக்கும் என்றால் கார். பைக்கும் நடந்து போகிறவரும் என்றால் பைக். எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதியில்லை. ஆனால் பல நேரம் இந்தக் கணக்கு சரியாகவும் இருந்துவிடுவதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. சரியாக இல்லாத நேரங்களில், தப்பே செய்யாத ஒருவர் நடுரோட்டில் பத்துப் பேர் முன்னால் குற்றவாளியாகி நிற்கிறார்.

அடிக்கடி நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிவப்பு விளக்கு. கார் நிற்கிறது. பின்னால் வந்த பைக் நிற்க முடியாமல் பம்பரில் முட்டிச் சாய்கிறது. ஓட்டியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, பைக்கின் ஹெட்லைட் உடைந்துவிட்டது. கார்க்காரர் இறங்கி வருவதற்குள் கூட்டம் கூடிவிடுகிறது. "ரிவர்ஸ்ல வந்து ஏத்திட்டாரு சார்" என்று யாரோ சொல்கிறார்கள். கீழே விழுந்தவர் முதலில் பேசாமல் இருக்கிறார், அப்புறம் அவரும் அதையே சொல்லத் தொடங்குகிறார். "காருதானே வெச்சிருக்கீங்க, ஏதாவது குடுத்துட்டுப் போங்களேன்" என்று பெரியவர் ஒருவர் சமாதானம் பேச வருகிறார்.

இதில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கொதிப்பதில் பயனில்லை. அந்தப் பொய் எதற்காகப் பிறக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் காப்பீட்டு ஏற்பாட்டில் போய் முடியும். மோட்டார் வாகனச் சட்டம், 1988 கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும்தான். அது நாம் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கானது. நம்முடைய வண்டிக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. வாங்கிச் சில வருடமான பைக்குகளில் பலவற்றுக்கு அந்த ஒரு பாலிசிதான் இருக்கும், சிலவற்றுக்கு அதுவும் காலாவதியாகியிருக்கும். ஆக, உடைந்த ஹெட்லைட்டுக்குப் பணம் வரவேண்டுமென்றால் தப்பு எதிராளியுடையதாக இருந்தே ஆகவேண்டும்.

சரி, தப்பு எதிராளியுடையது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது அந்தப் பணத்தை முறைப்படி வாங்க எளிய வழி இருக்கிறதா? கார் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. ஆனால் எதிராளியின் காப்பீட்டு நிறுவனத்திடம் அதைக் கேட்டு வாங்க மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். மூவாயிரம் ரூபாய் ஹெட்லைட்டுக்காக வக்கீல் வைத்துத் தீர்ப்பாயம் ஏறுகிறவர் யார்? சின்ன விபத்துக்கு ஏற்ற சின்ன வழி நம்மிடம் இல்லை. அதனால்தான் தெருவே நீதிமன்றமாகிறது, கூடி நிற்பவர்களே நீதிபதிகளாகிறார்கள், குரல் பெரிதாக இருப்பவர் பக்கம் தீர்ப்பு சாய்கிறது.

பணத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது பயம். பைக் ஓட்டியது பதினேழு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, பதினெட்டு நிறையாதவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விழலாம். லைசென்ஸ் இல்லாதவர், குடித்திருந்தவர், மூன்று பேராக வந்தவர்கள் எல்லோருக்கும் இதே போன்ற பயம்தான். இவர்களுக்கு உங்கள் மேல் பழி போடுவது தங்களைக் காத்துக்கொள்ளும் வழி. நீங்கள் கத்தக் கத்த அவர்கள் பிடியை இறுக்குவார்களே தவிர விடமாட்டார்கள்.

மூன்றாவது வகையினர் உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று நம்புகிறவர்கள். சாலையோரத்தில் நின்றவர் மோதலைப் பார்ப்பதே அபூர்வம். சத்தம் கேட்டுத்தான் திரும்புகிறார். கண்ணில் படுவது விழுந்து கிடக்கும் மனிதரும் பக்கத்தில் நிற்கும் காரும். நடுவில் நடந்ததை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது. உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், கார்கள் மோதும் ஒரே காட்சியைப் பலருக்குக் காட்டி, கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்டார்கள். சிலரிடம் சாதாரணமாக "மோதியபோது என்ன வேகம்" என்றும், வேறு சிலரிடம் "நொறுங்க மோதியபோது என்ன வேகம்" என்றும். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, கடுமையான சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்ற 50 பேரில் 7 பேர்தான். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. நம் சிக்னலில் முதல் ஆள் "ஏத்திட்டாரு" என்று சொன்னவுடனே பக்கத்தில் நின்றவரின் நினைவும் கொஞ்சம் மாறியிருக்கும். அவரிடம் சண்டை போடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "அண்ணே, சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டிருந்தீங்களா?"

மனிதர்கள் மாற்றிச் சொன்னாலும் வண்டிகள் மாற்றிச் சொல்வதில்லை. தகரத்தில் பதிந்ததைப் படிக்கத் தெரிந்திருப்பது பாதி பலம்.

நின்ற காரில் பைக் முட்டியதா, கார் பின்னால் வந்து பைக்கில் முட்டியதா என்பதையே எடுத்துக்கொள்வோம். ஓடிவரும் பைக் கடைசி நொடியில் பிரேக் அடித்தால் முன் ஃபோர்க் அமுங்கும், முன்பக்கம் தாழும். அதனால் பம்பரில் விழும் தடம், அந்த பைக்கை நிறுத்திப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உயரத்தைவிடச் சற்றுக் கீழே இருக்கலாம். முன் மட்கார்டு நொறுங்கியிருக்கும், அடி பலமென்றால் ஃபோர்க் எஞ்சின் பக்கமாக வளைந்திருக்கும். ஓட்டியவர் முன்னால் எறியப்பட்டு டிக்கி மேல் கை ஊன்றிய தடமோ ஹெல்மெட் பட்ட பள்ளமோ கிடைக்கக்கூடும். நெரிசலில் ரிவர்ஸ் எடுக்கும் கார் இப்படியெல்லாம் செய்யும் வேகத்தில் வராது. அது நிற்கிற பைக்கை மெல்லத் தள்ளும், பைக் பக்கவாட்டில் சாயும். அடி ஹேண்டில் முனையிலும் லெக் கார்டிலும் ஃபுட்ரெஸ்டிலும் இருக்கும், ஃபோர்க் வளைய வாய்ப்புக் குறைவு. பைக்குக்குப் பின்னால் சாலையில் டயர் தேய்ந்த கோடு இருந்து, அது கார் நிற்கும் இடத்தில் வந்து முடிந்தால் பேச்சுக்கே இடமில்லை. கோடு இல்லாவிட்டால் பைக் வேகமாக வரவில்லை என்று அர்த்தமல்ல. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம், ஏபிஎஸ் உள்ள சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாது.

பக்கவாட்டு உரசலில் கீறலின் திசையைப் பார்க்க வேண்டும். கீறல் மெலிதாகத் தொடங்கி, போகப் போக ஆழமாகி, பெயிண்ட் துகள் குவிந்து முடியும். குவிந்திருக்கும் முனைதான் முடிவு. உங்கள் காரின் மேல் கீறல் பின்னிருந்து முன்னாக ஓடியிருந்தால், உரசிய வண்டி உங்களைவிட வேகமாகத் தாண்டியிருக்கிறது. முன்னிருந்து பின்னாக என்றால் நீங்கள்தான் அதைத் தாண்டியிருக்கிறீர்கள். இது உங்களுக்கு எதிராகவும் போகலாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சில நேரம், நாம் தப்பே செய்யவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவருக்குத் தன் கதவில் இருக்கும் கீறலே வேறு கதை சொல்லும்.

இதையெல்லாம் பிறகு படிக்க வேண்டுமென்றால் அப்போதே படம் எடுத்திருக்க வேண்டும். வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். ஒரு நிமிடம் கேட்டு வாங்குங்கள். முதலில் தூரத்திலிருந்து, இரண்டு வண்டியும் தெரிய, கூடவே இடம்பெயராத ஏதாவது ஒன்று, அதாவது சிக்னல் கம்பமோ நிறுத்தக் கோடோ கடைப் பலகையோ ஃபிரேமில் வரும்படி. அப்புறம் பக்கத்தில் போய்ச் சேதத்தை. எல்லோரும் தங்கள் வண்டியின் சேதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எதிர் வண்டியின் சேதம்தான் முக்கியம், அது நாளைக்குள் மெக்கானிக் கடையில் மாறிவிடும். கடைசியாக, சுற்றி நடந்தபடி ஒரு வீடியோ. அவ்வளவுதான், வண்டியை ஓரங்கட்டலாம். டேஷ்கேம் இருந்தால் அதன் மெமரி கார்டைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது, ஓடவிட்டால் பழையதன் மேல் புதியது பதிந்துகொண்டே போகும். முன்பக்கக் கேமரா மட்டும் இருந்தாலும், கார் அசையாமல் நின்றதை அது காட்டிவிடும்.

ஆனால் படம் எடுப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, விழுந்தவரைத் தூக்கிவிட்டு அடிபட்டிருக்கிறதா என்று கேட்பது. உதவி செய்தால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாறாக, அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமையாக வைத்திருக்கிறது, யார் மேல் தப்பு என்று பார்க்காமல். அதே பிரிவு, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் விலக்கும் தருகிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் தெருக்களைத் தெரிந்திருக்கிறது! கை ஓங்குகிறார்கள் என்றால் நேராகக் காவல் நிலையத்துக்கு வண்டியை விடுங்கள், போகும்போதே 112க்கும் 108க்கும் அழையுங்கள். நீங்கள் ஓடிவிட்டதாகப் பின்னால் யாராவது சொன்னால் அந்த அழைப்புகளின் நேரம் பதில் சொல்லும். பக்கத்தில் போலீஸ் இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் நிலையத்தில் தகவல் சொல்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அதே பிரிவில் வருகின்றன. மீறினால் 187ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். தப்பில்லாதவர் பலர் தேவையில்லாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான்: மோதலில் குற்றமில்லை, தகவல் சொல்லாததில் குற்றம் வந்துவிடுகிறது.

பணம் கொடுத்து முடிக்கலாமா? என் கருத்து, அடி யாருக்கும் இல்லை, சேதம் ஒரு இண்டிகேட்டர் அளவு என்றால், ஐந்நூறு ரூபாயில் நிம்மதி வாங்குவது அவமானமல்ல. ஆனால் ஒரு ரத்தத் துளி இருந்தாலும் கொடுக்கக் கூடாது என்பேன். மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளில், நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் தப்பை ஒத்துக்கொள்வதோ பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ கூடாது என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. தெருவில் நீங்கள் கொடுத்த ஐயாயிரமும், "இனி இப்படி நடக்காது" என்று எழுதிக்கொடுத்த காகிதமும், நாலு மாதம் கழித்து எலும்பு முறிவுக்கு இழப்பீடு கேட்கும் மனுவில் உங்களுக்கு எதிரான ஆவணமாக வரலாம். கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால், இரண்டு வண்டி எண், தேதி, தப்பை ஏற்காமல் சேதத்துக்காக மட்டும் தந்தது, இருவர் கையெழுத்து இவை இருக்கும்படி எழுதி ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபே செய்தால் குறிப்பில் "விபத்து நஷ்ட ஈடு" என்று போடாதீர்கள்.

அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், உங்கள் வழக்கின் முக்கியமான காகிதம் நீங்கள் இல்லாத இடத்தில் உருவாகிறது. அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு ஒன்று போடுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். எப்படி அடிபட்டது என்று வந்தவர் டாக்டரிடம் சொன்னது அதில் ஒரு வரியாக இருக்கும், கூடவே நேரமும் அழைத்து வந்தவர் பெயரும். பைக்கிலிருந்து சறுக்கி விழுந்ததாக முதல் நாள் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புகாரில் உங்கள் கார் எண் முளைத்தால், அந்த ஒரு வரி போதும் புகாரை ஆட்டிப் பார்க்க. விபத்தில் சம்பந்தமே இல்லாத வண்டியை நுழைத்து இழப்பீடு கேட்கும் வேலை நாட்டில் தொழிலாகவே நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. காப்பீட்டு நிறுவனங்களின் வக்கீல்கள் முதலில் தேடுவது ஏ.ஆர். காப்பியை என்பதற்கு இதுதான் காரணம்.

காவல் நிலையத்தில் வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. உங்கள் தரப்பை ஒரு பக்கம் எழுதிக்கொடுத்து மனு ரசீது வாங்க வேண்டும், சி.எஸ்.ஆர். என்பார்கள். அவர்கள் புகார் முதலில் பதிவாகியிருந்தாலும் இதைச் செய்யலாம். கேஸும் கவுன்ட்டரும், அதாவது ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் ஒருவர் மேல் ஒருவர் கொடுத்த புகார்கள், இருந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது தமிழகக் காவல் நிலை ஆணைகளில் உண்டு. எஃப்ஐஆர் போட்டால் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வாசகம் எப்படியும் அதில் இருக்கும். நின்ற காருக்கும் அதே வாசகம்தான் விழும்! இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281ஆம் பிரிவு, சிறு காயம் என்றால் கூடவே 125(அ) பிரிவு. இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை, பதற வேண்டியதில்லை. வேகமாகப் போனதாலேயே அஜாக்கிரதை என்று முடிவு கட்டிவிட முடியாது என்று கர்நாடக லாரி வழக்கு ஒன்றில் 1998லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்த வாசகத்தைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். எஃப்ஐஆர் விசாரணையின் தொடக்கம்தான்.

கவனம் வைக்க வேண்டியவை வேறு. சம்பவ இடத்தில் போலீஸ் பார்த்ததை எழுதிவைக்கும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் ஒன்று. அதில் உங்கள் கார் எந்த இடத்தில், எந்தத் திசையில் காட்டப்படுகிறது என்பதை வைத்தே பின்னால் தீர்ப்பாயம் பேசும். அடுத்தது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். அவர் இரண்டு வண்டியின் சேதத்தையும் வரிசையாக எழுதுவார். அந்த ஆய்வு முடியும்வரை பம்பரை மாற்றாதீர்கள், வாட்டர் வாஷ் கூட வேண்டாம். பம்பரில் ஒட்டிய கறுப்பு டயர் தடம் சோப்பு நுரையோடு போய்விடும். மூன்றாவது, 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள மத்திய விதிகள். காயம் ஏற்பட்ட விபத்தில் விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை அனுப்ப வேண்டும், ஓட்டுநர் 30 நாளுக்குள் தனக்குரிய படிவத்தைப் பூர்த்தி செய்து தர வேண்டும். நடந்ததை உங்கள் கையாலேயே எழுதிப் பதிவு செய்ய இதைவிட நல்ல இடம் இல்லை. படிவம் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

சிசிடிவிக்கும் காலக்கெடு உண்டு, அது யாரும் விதித்ததல்ல, ஹார்ட் டிஸ்க்கின் அளவு. கடைகளில் பெரும்பாலும் பதினைந்து நாளோ ஒரு மாதமோதான் பதிவு நிற்கும். சென்னையில் "மூன்றாவது கண்" திட்டம் வந்த பிறகு பெரிய சாலைகளில் கேமரா இல்லாத தெருமுனை குறைவு, ஆனால் கடைக்காரர் வம்பு எதற்கு என்று தரமாட்டார். அவரிடம் கெஞ்சுவதைவிட, எந்தக் கடையின் எந்தக் கேமரா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று குறிப்பிட்டு, அதைக் கைப்பற்றும்படி நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வைத்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் வந்த துண்டு வீடியோ விசாரணை அதிகாரியை நம்பவைக்க உதவும். நீதிமன்றத்துக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதனால் மூலப் பதிவு எங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

இவையெல்லாம் கையில் இருந்தால் பல வழக்குகள் நிலையத்திலேயே நின்றுவிடும். விசாரித்ததில் புகார் சரியில்லை என்று தெரிந்தால் எம்.எஃப். (மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட், அதாவது புகாரில் சொன்னது உண்மை நிலவரமல்ல) என்று போட்டு முடிப்பார்கள். நிற்காமல் சம்மன் வந்துவிட்டது என்றால், நீதிமன்ற வராந்தாவில் ஒரு யோசனை நிச்சயம் வரும்: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க சார், ஆயிரம் ரூபாயோட போயிடும்." 281இல் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான் என்பது உண்மை. ஆனால் அந்த ஆயிரம் ரூபாயோடு வாங்குவது ஒரு குற்றத் தீர்ப்பு. அரசு வேலைக்கான படிவத்தில் அதைச் சொல்லியாக வேண்டியிருக்கும். அதைவிட, பக்கத்துக் கட்டடத்தில் நடக்கும் இழப்பீட்டு வழக்கில் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் தாக்கல் செய்வது அந்தத் தீர்ப்பின் நகலைத்தான். தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தாலே போதும். நீங்களே ஒத்துக்கொண்டதைவிட அதற்கு வேறென்ன வேண்டும்?

எதிராளியோடு பேசி முடித்துவிட்டோம் என்றாலும் 281 தானாகப் போய்விடாது, இரு தரப்பும் ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. அதற்கு உயர் நீதிமன்றம் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தவர் மேல் திருப்பி வழக்குப் போட அதே சன்ஹிதாவில் 217, 248 என்று பிரிவுகள் இருக்கின்றன. அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து நம்பியவர்களும் இருக்கும் ஊரில் அது லேசான வேலையல்ல. பெரும்பாலான வக்கீல்கள் அதை எதிர்த் தரப்பை மிரட்டும் நோட்டீஸில் மட்டும் எழுதுவார்கள், வழக்காகப் போடமாட்டார்கள்.